யந்திரம் என்னும் வசை

தமிழில் யந்திரம் என்கிற சொல் பெரும்பாலும் வசையாகவே வழங்கி வந்திருக்கிறது. ஒருவன் யந்திரம்போல் வேலை செய்கிறான் என்றால் அவனுக்குள் உயிர் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு கவிதை யந்திரரீதியானது என்று மதிப்புரையில் எழுதிவிட்டால் அதற்கு மேல் அந்தக் கவிதையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. புதுமைப்பித்தனின் இரண்டு கதைகள் இந்த வழக்கத்துக்குத் தலைப்பாகவே அமைந்துவிட்டன. ‘மிஷின் யுக’த்தில் ஹோட்டலில் பரிமாறுகிறவன் யந்திரம். ‘மனித யந்திர’த்தில் கடைக் குமாஸ்தா மீனாட்சிசுந்தரம் பிள்ளை யந்திரம். கல்லாப் பணத்தோடு ஓடிவிடத் துணிந்தவர் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறார். இரண்டு கதைகளிலும் உண்மையான யந்திரம் எதுவும் கிடையாது. மனிதன் இழந்துபோனதைச் சொல்வதற்கான உவமானம் அது. கதைகளின் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. அவர் எழுத வந்தது மனிதனைப் பற்றி. ஆனால் பின்னால் வந்த நாம் அந்த உவமானத்தையே யந்திரத்தைப் பற்றிய அறிவாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வர்க்கம். ஆகவே இந்த உவமானத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஓர் அருகதை உண்டு. சோதனைக்கான சந்தர்ப்பம் 2022இல் வாய்த்தது. அந்த வருஷம் ஒரு பழைய ஜீப்பை விலைக்கு வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. 1988இல் செய்தது. என்னைவிட ஒரு வயது மூத்தது.

வாங்கியதற்குக் காரணம் இலக்கியம் இல்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையில் என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு ஐந்து மைல் பாதை. பாதை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது; மழைநீர் இறங்குவதற்கென்று மலை தனக்குத்தானே வெட்டிக்கொண்ட வாய்க்காலில் மனிதர்களும் போய் வருகிறார்கள். மாமனாருக்கு 74 வயது. மாமியார் காலமான பிறகும் கீழே வர மறுத்துவிட்டார். வாடகை ஜீப் ஆள் நிறைந்தால்தான் ஏறும், மழை பிடித்துவிட்டால் ஆள் நிறைந்தாலும் ஏறாது. உடம்புக்கு முடியாமல் போனால் இன்னும் சில ஊர்களில் செய்வதுபோல் கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். என் மனைவி இதை ஒருமுறைதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறத்தியார் நகையைத் தினசரி தராசில் வைத்து எடை எழுதுகிறவனுக்கு, தன் வீட்டு நகை வேறொரு வங்கியின் தராசில் ஏறுவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

போடி ஒரு ஜீப் ஊர் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். ஏலம் விளைவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மலைகளில். அதைப் பறிக்கிறவர்களில் ஏராளமானவர்கள் எல்லைக்கு இப்பால், போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துப் பெண்கள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போய்ப் பறித்துவிட்டு, இருட்டுகிற வேளையில் இறங்குகிறார்கள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதுபோல இரண்டு மடங்கு. சில நாட்களில் வண்டி திரும்பி வருவதில்லை. மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வரும். இந்த ஊரில் ஜீப்பைக் குறியீடாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இதற்கு முன்பும் இந்த மலை யந்திரங்களைக் கண்டிருக்கிறது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சிறு ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி. 1924ஆம் வருஷ வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி யாரும் அதைப் போடவில்லை. சமவெளியில் மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதையை 2010இல் மூடினார்கள், 2023இல்தான் அகலப் பாதையாகப் போடிக்குத் திரும்பி வந்தது. ரயில் நின்றுபோன இடங்களில் எல்லாம் இடைவெளியை நிரப்பியது டயர்தான்.

வண்டி பார்க்கப் போனபோது ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனேன். ஐம்பது வயது. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்ட பட்டறை. என்னைச் சார் என்பார், நான் அவரை அண்ணே என்பேன். வண்டி கேரளப் பதிவெண்ணில் தோட்டம் ஒன்றில் நின்றது. விற்கிறவர் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். அண்ணன் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. நேரே கீழே படுத்தார். சேசிஸில் எங்கெங்கே வெல்டிங் விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு சேசிஸ் நம்பர்மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பாடபேதம் பார்க்கிற பதிப்பாசிரியரிடம்கூட நான் இவ்வளவு நிதானத்தைக் கண்டதில்லை.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிகிற வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் வந்தது. “மூச்சு விடுது. வயசுக்கு இது பரவால்ல சார்” என்றார். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அசைத்து, சக்கரம் அசையத் தொடங்குவதற்குள் கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். முன் அச்சின் இரு முனையிலும் உருண்டையாக இருக்கிற கூட்டைத் துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ் கசிகிறதா என்று காத்திருந்தார். கடைசியில்தான் முக்கியமான சோதனை. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஃபோர் வீல் கம்பியைப் போட்டு, சக்கரம் உண்மையிலேயே என்ஜினோடு சேர்கிறதா என்று பார்ப்பது. டீசல் மிச்சம் என்று முன் ஜாயின்ட்டையே கழற்றி வைத்துவிட்டு, கம்பி மட்டும் அலங்காரத்துக்கு நிற்கிற வண்டிகள் நிறைய உண்டு. இதில் இரும்பும் இருந்தது, இழுவையும் இருந்தது. 1,85,000 ரூபாய்க்கு முடிந்தது.

அதன் பிறகு காகிதங்கள். என் தொழிலே காகிதம் என்பதால் இதில் எனக்கு அலுப்பில்லை. வேறு மாநிலத்து வண்டி என்பதால் 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று, பெயர் மாற்ற 29, 30, தமிழ்நாட்டில் வரி, பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி ஆகையால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. ஒரு பொருள் இருக்கிறது என்பதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நிரூபித்தாக வேண்டும். நம் இலக்கிய ஸ்தானங்களுக்கு இப்படி ஒரு விதி இருந்தால் பலபேர் ரோட்டில் ஓட முடியாது.

இனி வண்டியைப் பற்றி. இதன் எலும்புக்கூடு அமெரிக்காவுடையது. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்கு முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பேன்டம் என்கிற சிறு கம்பெனி. அந்த வருஷம் செப்டம்பரில் கொடுத்தார்கள். ஆனால் பெருவாரியாகச் செய்யும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். 1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கி, கூட்டாளியான குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரியாகிவிட்ட பின் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், 1947 முதலே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிவிட்டது. என்னுடையது அந்த வம்சத்தில் பின்னால் வந்த எம்.எம். 540. என்ஜின் ஃப்ரான்ஸ் தேசத்துப் பெஜோவின் டீசல். அதன் பெயரில் இருக்கிற 4.90 என்பது நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவு 90 மில்லிமீட்டர். ஆக, அமெரிக்க எலும்பு, ஃப்ரெஞ்சு இருதயம், கேரளத்துப் பதிவு, போடிப் பட்டறையில் அடித்த வில் பட்டை.

புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கா என்று ஒரு காலத்தில் இங்கே பெரிய சர்ச்சை நடந்தது. இன்றைக்கும் வேறு பெயர்களில் நடக்கிறது. பட்டறையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே கேட்கப்படுவது, உடைந்தால் இங்கே சரி செய்ய முடியுமா என்பதுதான். சரி செய்ய முடிகிற எதுவும் நம்முடையது. முப்பது வருஷமாகப் போடிப் பாறைகளில் முறிந்து முறிந்து, இங்கே பட்டைக் கொல்லர் கூடுதலாக ஓர் இலை வைத்து வளைத்த வில் எந்த அமெரிக்க வரைபடத்திலும் கிடையாது. ஒரு வடிவம் நம்முடையதாவது அதை ஏற்றுக்கொள்ளும் கணத்திலா, பழுது பார்க்கிற காலத்திலா என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். இரவல் வடிவத்தை வாங்கிப் புதிதாகவே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதன் பூர்வீகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இரு தரப்பிலும்.

நான்கு சக்கர இழுவை என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். என் வாதத்துக்கு இது தேவை. கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அதற்கு இரண்டு கம்பிகள். ஒன்று முன்னச்சையும் என்ஜினோடு சேர்க்கும். மற்றது பல்விகிதத்தை மாற்றி, வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டும். முதல் கம்பி விழாமல் இரண்டாவது விழாது. நல்ல தார் ரோட்டில் முதல் கம்பியைப் போடவே கூடாது. காரணம் எளிது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். ஆனால் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்கின்றன. மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தை ஈடு செய்துவிடும். தாரில் சறுக்க முடியாது. முறுக்கு உள்ளேயே ஏறி ஏறி, ஸ்டியரிங் இறுகி, கடைசியில் எது பலவீனமோ அது உடையும். கம்பி வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் பலத்தால் இழுக்கக் கூடாது. இரண்டு முழம் பின்னால் நகர்த்தினால் முறுக்குத் தளர்ந்து தானாக வரும்.

நான்கு சக்கர இழுவை என்ற பெயரிலும் ஒரு பாதி உண்மைதான் இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும் இருக்கும் டிஃபரென்ஷியல், இரண்டு சக்கரங்களில் எது சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிடும். முன்னால் வலது சக்கரமும் பின்னால் இடது சக்கரமும் பள்ளத்தில் தொங்கினால் அந்த இரண்டும் ஆகாயத்தில் வீணே சுழலும். தரையில் பலமாக ஊன்றியிருக்கிற மற்ற இரண்டும் சும்மா நிற்கும். எங்கே பிடிப்பு இல்லையோ அங்கேதான் சக்தி முழுக்கப் போகிறது. இந்த உண்மையை எனக்குப் புத்தகம் சொன்னது. மலை காட்டியது வேறு விதம்.

2023 ஐப்பசி. மூன்று நாள் அடைமழை. மாமனாருக்குக் காய்ச்சல் என்று தோட்டத்து ஆள் இறங்கி வந்து சொன்னான். ஏறும்போது சிரமமில்லை. அவரைப் போர்வையால் சுற்றி முன் சீட்டில் உட்காரவைத்து இறங்கும்போது, பாதியில் மழை புதிதாக வெட்டிய வாய்க்கால். மேலே சொன்ன அதே கோணல். இரண்டு சக்கரம் சுழல்கிறது, இரண்டு நிற்கிறது, மாமனார் முனகுகிறார். நான் மிதித்தேன். என்ஜின் சத்தம் கூடியது, வண்டி நகரவில்லை.

“மிதிக்காதீக மாப்ளே” என்றார் கண்ணைத் திறக்காமல். “கல்லு வைங்க. தொங்குற காலுக்குக் கல்லு.”

வைத்தேன். தொங்கிக்கொண்டிருந்த பின்சக்கரத்துக்கு அடியில் கற்களை அடுக்கி இறுக்கினதும் அதற்குப் பிடிப்புக் கிடைத்தது. அதற்குப் பிடிப்புக் கிடைத்ததால், இதுவரை சும்மா நின்ற அதன் ஜோடிக்கும் வேலை வந்தது. வண்டி ஏறிக்கொண்டது. அதற்கு மேல் லோ கியரில் முதல் பல். பிரேக்கிலும் கிளட்சிலும் கால் வைக்காமல், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் இறக்கியது. டீசல் குறைந்து என்ஜின் தன் அமுக்கத்தாலேயே பாரத்தைத் தாங்குகிற அந்தச் சத்தம் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையை இறக்குவது போலிருக்கும். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் விதி. காலால் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, கடைசி வளைவில் பிரேக் இருக்காது.

மாமனார் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறாவது நாள் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார். கொண்டுபோய் விட்டேன்.

இப்போது தொடங்கிய விஷயத்துக்கு வரலாம். யந்திரம்போல் என்று சொல்கிறவர்கள் மனத்தில் இருப்பது புது யந்திரம், மூடி திறக்காத யந்திரம். அது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறது, அலுக்காமல், கேட்காமல். முப்பத்தைந்து வயதான யந்திரம் எதையும் இரண்டாம் முறை அதே மாதிரி செய்வதில்லை. மார்கழிக் காலையில் ஹீட்டர் எத்தனை விநாடி காய வேண்டும் என்பது அன்றைக்கு அன்று தெரிவது. டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் நின்றுவிடும்; திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை அடங்கிக் குமிழி இல்லாத டீசல் வருகிற வரை காத்திருந்து திருகை மூட வேண்டும். நுரைக்கும் டீசலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்தான் தீர்மானிக்கிறது. பின்னச்சில் புதுச் சத்தம் கேட்டால், அது வேகத்தோடு கூடுகிறதா, பாரத்தோடு கூடுகிறதா, காலை எடுத்தால் மாறுகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் கிராஸா பேரிங்கா கிரவுன் பினியனா என்று சொல்ல முடியும். இதற்குத் தேவைப்படுவது கவனம். எல்லா நல்ல வாசிப்புக்கும் தேவைப்படுகிற அதே கவனம். ஆக, யந்திரத்தை அறிந்தவன் வாழ்வில் யந்திரத்தன்மைக்கு இடமே இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையை யந்திரம் என்றதில் அநியாயம் பிள்ளைவாளுக்கு மட்டும் இழைக்கப்படவில்லை.

பட்டறையின் பாஷையையும் சொல்ல வேண்டும். விமர்சனத்தில் நாம் படிமம், பிரக்ஞை, தளம் என்று சொற்களை வடித்து எடுக்கவே பல வருஷங்கள் செலவழித்தோம். அவற்றில் பாதி இன்னும் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளாதவை. பட்டறை யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டது. கியர், கிளட்ச், ஆயில் சீல் என்று கிடைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டது. பட்டை, இழுவை, பிடிமானம், மூச்சு என்று தன்னிடம் இருந்ததையும் பக்கத்தில் வைத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் திரும்பாமல் கொஞ்ச தூரம் கை மட்டும் வெறுமனே போகிறதே, அதன் பெயர் ஆட்டம். ஆட்டம் அதிகமானால் வண்டி சொன்ன பக்கம் போகாது. ஆட்டமே இல்லாமல் முடுக்கினால் இறுகிக்கொண்டு தேயும். சரியான ஆட்டம் எவ்வளவு என்று அண்ணனைக் கேட்டேன். விரலை இவ்வளவு என்று காட்டினார். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றி ஆங்கிலப் புத்தகங்களில் படித்த அத்தியாயங்கள் எல்லாம் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்ததாக எனக்குப் பட்டது. ஆனால் அவருக்கு அப்படிப் படவில்லை. அவர் அடுத்த நட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் வாதத்தின்மீதே சந்தேகம் வருகிறது.

ராபர்ட் பிர்ஸிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய நூலை நம்மில் பலர் படித்திருப்பார்கள். அதில் சிநேகிதனின் விலை உயர்ந்த வண்டியின் கைப்பிடி நழுவுகிறது. பீர் டப்பாத் தகரத்தை வெட்டி இடுக்கில் சொருகினால் சரியாகும் என்கிறார் இவர். சிநேகிதன் அவமதிக்கப்பட்டதுபோல் சங்கடப்படுகிறான். இதிலிருந்து உலகத்தைப் பார்க்கும் இரண்டு விதங்களைப் பற்றி ஒரு தத்துவமே விரிகிறது. எங்கள் அண்ணனின் பட்டறையில் நாளுக்கு நாலு தடவை தகரம் வெட்டிச் சொருகுகிறார்கள். ஷேக்கிள் புஷ் தேய்ந்தால் பழைய டியூபை வெட்டிச் சுற்றுகிறார்கள். அதிலிருந்து தத்துவம் எதுவும் விரிவதில்லை. வண்டி நாளைக் காலை நான்கு மணிக்கு ஆள் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கைவேலையின் மகத்துவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக, வேண்டும்போது கைவேலையை விட்டு எழுந்துபோக முடிகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரீஸ் கன்னை எடுக்கிறவனுக்குக் கிரீஸின் வாசனை பிடிக்கும்.

சாயாவனத்தில் சா. கந்தசாமி காட்டை அழிப்பதை ஒவ்வொரு வேலையாக எழுதிக்கொண்டு போகிறார். வேலையைப் புகழ்வதில்லை, வேலையிலிருந்து போதனை எடுப்பதில்லை. கரும்பாலைக்காகக் காடு அழிகிறது. வாசகன் களைத்துப்போகிறான். யந்திரத்தைப் பற்றி, பழுது பார்க்கும் தொழிலைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதாக இருந்தால் அந்த வழிதான் எனக்கு நேர்மையானதாகத் தெரிகிறது. பட்டறைப் பையனின் நகக்கண்ணில் ஏறிய கறுப்பைக் கவிதை ஆக்குவதற்கு முன்னால், அது ஏன் சோப்புக்குப் போவதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இது மட்டும் குமாஸ்தா புத்தி. முதல் வருஷத்தில் வண்டிக்குச் செலவான தொகை 71,400. கிங் பின் பேரிங், ஷேக்கிள் புஷ் எட்டு, ரேடியேட்டர் உள்கூடு, இரண்டு டயர், செல்ஃப் மோட்டாருக்குச் சுற்று. இரண்டாம் வருஷம் 38,000. சமவெளியில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர், மலையில் ஏழு. மாதம் ஒருமுறை நிப்பிள்களுக்கெல்லாம் நானே கிரீஸ் அடிக்கிறேன். பழைய கிரீஸ் மறுபக்கம் பிதுங்கிக்கொண்டு வரும்வரை அடிக்க வேண்டும். மூன்று பெட்டிகளிலும் ஆயில் அளவு பார்க்கிறேன். கீழே சொட்டுகிறதே என்று கேட்டதற்கு, “சொட்டுற வரைக்கும் உள்ள இருக்குன்னு அர்த்தம் சார். நின்னாத்தான் பயப்படணும்” என்றார் அண்ணன். இந்த வண்டி லாபம் இல்லை. அதைவிட வாடகை ஜீப் மலிவு. ஆனால் வாடகை ஜீப் அந்த ஐப்பசியில் ஏறியிருக்காது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாததால் நோட்டில் எழுதவில்லை.

அண்ணனுக்கு ஒரு மகன். ப்ளஸ் டூ முடித்துவிட்டான். பட்டறைக்குள் அவனை விட்டதில்லை. சாப்பாடு கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். கை சுத்தமாக இருக்கட்டும் என்பார். என்ஜின் சத்தத்தில் நோய் கண்டுபிடிக்கிற அந்தக் காது, விரல் இடுக்கில் ஆட்டத்தை அளக்கிற அந்தக் கை, அவரோடு முடிகிறது. இது எனக்குத்தான் நஷ்டமாகத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றவில்லை. பதினொரு வயதில் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட வித்தை அது. என்னைப்போல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலைக்கு மகன் போக வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். நான் மேஜையிலிருந்து எழுந்து போகிற வழியிலேயே அவர் மகன் எதிர்த் திசையில் வருகிறான். எங்கள் இருவரில் யாருடைய ஆசை கௌரவமானது என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் திரும்பிப் போக ஒரு மேஜை எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை என்கிற வித்தியாசத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த உழைப்புப் புகழ்ச்சியையும் இனிமேல் என்னால் முழுதாகப் படிக்க முடியாது.

போன ஆனி மாதம் மகனுக்குக் கல்விக் கடன் மனுவோடு எங்கள் கிளைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. பட்டறைக்கு வெளியே அவரை அப்போதுதான் பார்த்தேன். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். தகப்பனார் தொழில் என்கிற இடம் வந்தது.

“கூலின்னு போடுங்க சார்.”

மோட்டார் மெக்கானிக், சொந்தத் தொழில் என்று எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். இதனால் கடன் கிடைப்பதில் ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்டார். வராது என்றேன். பேனாவை வாங்கி, துடைத்த கையையே மறுபடியும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் கறை படாமல் விரலைத் தூக்கிப் பிடித்தபடி கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, முன் அச்சில் இடது பக்கச் சீல் மறுபடி கசிகிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்.